கிளினிக் கொப்பியிலிருந்து கணினித் திரைக்கு

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டையொட்டி நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

வைத்தியசாலைக் கணினிகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "அது எங்கட ராத்தாமாருக்கு விளங்குமா?" என்று சங்கச் செயலாளர் கேட்டார். வைத்தியசாலை வாசலை மிதிக்காத ஒருவர் இந்த மண்டபத்தில் இருந்தால் அவருக்கு மட்டும்தான் விளங்காது என்று சொன்னேன். மற்ற எல்லோருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

நாங்கள் எல்லோரும் அறிந்த ஒரு பொருளிலிருந்து தொடங்குகிறேன். சீனி வருத்தத்துக்கோ பிரஷருக்கோ மாதாமாதம் கிளினிக் போகும் எந்த உம்மாவின் கைப்பையைத் திறந்தாலும் உள்ளே ஒரு கொப்பி இருக்கும். பழைய கலண்டர் தாளால் உறை போட்டிருப்பார். கிளினிக் வந்த நாள், அன்றைய பிரஷர், சீனியின் அளவு, கொடுத்த மருந்து, அடுத்து வர வேண்டிய நாள் எல்லாம் அதில் இருக்கும். வைத்தியர் கொப்பியை வாங்கிக் கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறப்பார். ஒரு தாள் முன்னே புரட்டுவார். போன மாதம் என்ன நடந்தது, இந்த மாதம் என்ன மாறியிருக்கிறது என்பது சில செக்கன்களில் தெரிந்துவிடும். பிறகு தலையை உயர்த்தி, "எப்படி உம்மா இருக்கிறீங்க?" என்று கேட்பார்.

அந்தத் தலை உயர்த்தலைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். கொப்பியின் இடத்துக்குக் கணினி வந்த பிறகும் வைத்தியரின் தலை நோயாளியை நோக்கி உயர வேண்டும். அதற்கு நேரம் கொடுக்கும் திரை நல்ல திரை. அந்த நேரத்தைத் தின்றுவிடும் திரை எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் கூடாத திரை.

அதற்காகக் கொப்பியே போதும் என்று நான் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதியை இந்தக் கரையில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடலோர வீடுகளோடு கொப்பிகளும் போயின. மிஞ்சியவர்கள் அகதி முகாமில் வைத்தியரிடம், "காலையில ஒரு வெள்ளைக் குளிசை, ராவைக்கு அரைக் குளிசை" என்றுதான் சொல்ல முடிந்தது. வெள்ளைக் குளிசை என்றால் நூறு குளிசை இருக்கிறது. கொப்பி நனையும், தொலையும், சில கையெழுத்தை எழுதியவராலேயே வாசிக்க முடியாது. 'பெனிசிலின் ஒவ்வாது' என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியது நாற்பதாம் பக்கத்தைத் திறப்பவரின் கண்ணில் படாது. ஆகவே மின்னணுப் பதிவு வேண்டும். அது எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

எங்கள் நாடு இதில் வெறுங்கையோடு நிற்கவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் 2009இலேயே வைத்தியர்களுக்கு உயிர்மருத்துவத் தகவலியலில் முதுமாணிப் பட்டநெறியைத் தொடங்கியது. எச்.எச்.ஐ.எம்.எஸ். என்ற வைத்தியசாலை மென்பொருள் இங்கேயே உருவாக்கப்பட்டு அரச வைத்தியசாலைகளில் பயன்படுகிறது. 2020இன் தொடக்கத்தில் கொரோனா வந்தபோது, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் டி.எச்.ஐ.எஸ். 2 என்ற திறந்த மென்பொருளை எடுத்து, நாட்டுக்குள் வருவோரைப் பின்தொடரும் பதிவை எங்கள் நாட்டுக் குழுவினர் வெகு சீக்கிரத்தில் அமைத்தார்கள். அதைப் பார்த்துப் பிற நாடுகளும் எடுத்துக்கொண்டன.

எங்களுக்கு முன்னால் இந்தப் பாதையில் வேகமாக ஓடியவர்கள் அமெரிக்கர்கள். 2009இல் அவர்கள் ஒரு சட்டம் இயற்றி, மின்னணுப் பதிவுக்கு மாறும் வைத்தியர்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் அரசாங்கப் பணம் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் பெரும்பாலான வைத்தியசாலைகள் மாறிவிட்டன. 2012இல் அங்குள்ள புகழ்பெற்ற மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் ஒரு சிறுமி நிறப் பென்சிலால் வரைந்த படம் வெளியானது. அவள் வைத்தியரிடம் போய்வந்த காட்சி அது. பரிசோதிக்கும் மேசையில் அவள் இருக்கிறாள், பக்கத்தில் குடும்பத்தார் இருக்கிறார்கள். வைத்தியர் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கணினியில் தட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் பிள்ளை முறைப்பாடு ஒன்றும் செய்யவில்லை, கண்டதை வரைந்தாள். 2016இல் 57 வைத்தியர்களைப் பக்கத்திலிருந்து அவதானித்து ஓர் ஆய்வு வந்தது. நோயாளியோடு நேருக்கு நேர் செலவிடும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் கணினியிலும் மேசை வேலையிலும் போகிறது என்று அது கண்டது. பிள்ளையின் படத்துக்கு இலக்கம் கிடைத்தது.

எங்கள் கிளினிக்கில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பதே சில நிமிடம். அதில் பாதியைத் திரை எடுத்துக்கொண்டால் மீதியில் என்ன வைத்தியம் நடக்கும்? ஆகவே அவர்கள் விழுந்த இடங்களைப் பார்த்து நாங்கள் கால் வைக்க வேண்டும். திரை அமைப்பவர்கள் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். உதாரணங்கள் எங்கள் ஊருக்குரியவை.

முதலாவது, சரியான ஆளைக் கண்டுபிடிப்பது. மேலைத்தேய மென்பொருளில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். எங்களுக்குக் குடும்பப்பெயர் ஏது? வாப்பாவின் பெயர் முன்னே வரும், எங்கள் பெயர் பின்னே வரும், நடுவில் மூன்று முதலெழுத்துகள் நிற்கும். பதிவு செய்யும் ஒருவர் வாப்பாவின் பெயரை முதற்பெயர்க் கட்டத்தில் போடுவார், இன்னொருவர் மற்றக் கட்டத்தில் போடுவார். அதோடு எழுத்துக்கூட்டலும் சேர்ந்துகொள்கிறது. பாத்திமா என்ற பெயரை ஆங்கிலத்தில் 'எப்' போட்டு எழுதுவோரும் உண்டு, 'பீ' போட்டு எழுதுவோரும் உண்டு. முகம்மது என்ற பெயரை எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று இந்த மண்டபத்தில் கேட்டாலே ஐந்து விடை வரும். விளைவு என்ன? ஒரே உம்மாவுக்குக் கணினியில் மூன்று பதிவுகள். சீனியின் அளவு ஒன்றில், ஒவ்வாமை இன்னொன்றில். அதைவிடப் பயங்கரம், ஒரே பெயருள்ள இரண்டு பேர் ஒரு பதிவுக்குள் கலந்துபோவது.

இதற்கு வழி இருக்கிறது. தேடும்போது ஒலியால் தேட வேண்டும். எப்படி எழுதினாலும் பாத்திமா எல்லோரும் திரையில் வர வேண்டும். வரும்போது பெயர் மட்டும் வந்தால் போதாது. வயது, ஊர், வாப்பாவின் அல்லது கணவரின் பெயர் ஆகியவையும் பக்கத்தில் வர வேண்டும். தேசிய அடையாள அட்டை இருந்தால் வேலை இன்னும் சுலபம். பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். 72563 என்று தொடங்கினால், 1972ஆம் ஆண்டின் 63ஆம் நாளில், அதாவது மார்ச் 3இல் பிறந்த ஒரு பெண். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையிலும் இதே முறைதான், ஆண்டு மட்டும் நான்கு இலக்கம். அப்படியிருக்க, அட்டை இலக்கத்தைத் தட்டிய பிறகு பிறந்த திகதி என்ன, ஆணா பெண்ணா என்று மறுபடி கேட்கும் திரை, சொன்னதைக் காதில் போடாத ஆளைப் போன்றது. தனக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கணினி மறுபடி கேட்கக் கூடாது.

இரண்டாவது, திறந்ததும் முன்னால் என்ன நிற்கிறது என்பது. இதற்கு நல்ல வாத்தியார் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார். பிள்ளை பிறந்ததும் மருத்துவமாது தரும் வளர்ச்சிப் புத்தகத்தைச் சொல்கிறேன். அதில் நிறப் பட்டைகளுக்கு மேல் பிள்ளையின் நிறையைப் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு இழுப்பார். இத்தகைய அட்டையைப் பரவலாக்கியவர் டேவிட் மோர்லி என்ற ஆங்கிலேய வைத்தியர். 1950களில் நைஜீரியாவின் கிராமம் ஒன்றில் வேலை செய்தபோது அதை அமைத்தார். பள்ளிக்கூடம் போகாத தாயும் கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்று பார்த்த உடனே சொல்லிவிடுவார். பாருங்கள், கணினி வருவதற்கு முன்பே அப்படி ஒரு திரையை அமைத்திருக்கிறார்கள். சீனி வருத்தக்காரரின் பன்னிரண்டு மாத அளவுகளைப் பன்னிரண்டு வரியாகக் காட்டுவதை விட ஒரே கோடாகக் காட்டினால் வைத்தியரின் கண் சீக்கிரம் விடுபடும். ஒவ்வாமை, இப்போது எடுக்கும் மருந்துகள், அந்தக் கோடு, போன முறை எழுதிய குறிப்பு ஆகிய நான்கும் முதல் திரையிலேயே நிற்க வேண்டும். மற்றவை அடுத்த பக்கங்களில் இருக்கட்டும்.

மூன்றாவது, மருந்தின் அளவு. 2013இல் அமெரிக்காவின் பெயர்பெற்ற வைத்தியசாலை ஒன்றில் 16 வயதுப் பையன் ஒருவனுக்கு ஒரு குளிசை கொடுக்க வேண்டிய இடத்தில் முப்பத்தெட்டரைக் குளிசை கொடுத்தார்கள். அவன் வழக்கமாக எடுத்த குளிசையில் மருந்து 160 மில்லிகிராம். வைத்தியர் 160 என்றுதான் தட்டினார். ஆனால் பையனின் நிறை 40 கிலோவுக்குக் குறைவாக இருந்தபடியால், திரை அந்த இலக்கத்தை 'கிலோவுக்கு இத்தனை' என்று எடுத்துக்கொண்டது. பையனின் நிறை 38.6 கிலோ. கணினி பெருக்கிப் பார்த்தது. எச்சரிக்கை வந்தது, அது தள்ளிவிடப்பட்டது. மருந்துகளைப் பொதி செய்யும் இயந்திரம் பொதி செய்தது. தாதி சந்தேகப்பட்டார், ஆனால் பட்டைக்குறியீடு 'சரி' என்று சொன்னது. பையனுக்கு வலிப்பு வந்தது, பிழைத்துக்கொண்டான். அந்தச் சங்கிலியில் இருந்தவர்கள் எல்லோரும் படித்தவர்கள், அக்கறையுள்ளவர்கள். இலக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த அலகு கண்ணில் படாததே தொடக்கம். 'இது முப்பத்தெட்டரைக் குளிசை' என்று திரை சாதாரண வார்த்தையில் சொல்லியிருந்தால் யாருடைய கையும் நின்றிருக்கும். எங்கள் திரைகள் மில்லிகிராமோடு குளிசைக் கணக்கையும் காட்ட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எச்சரிக்கை ஏன் தள்ளிவிடப்பட்டது என்று கேட்பீர்கள். எதற்கெடுத்தாலும் எச்சரித்தால் அப்படித்தான் நடக்கும். மருந்து எச்சரிக்கைகளைப் பற்றி 2006இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, நூற்றுக்கு 49 முதல் 96 வரையானவற்றை வைத்தியர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்று காட்டியது. நாள் முழுக்கக் கத்தும் பிள்ளையின் சத்தம் ஒரு கட்டத்தில் உம்மாவின் காதிலேயே ஏறாது. உயிருக்கு ஆபத்தான சிலவற்றுக்கு மட்டும் திரை வழியை மறிக்கட்டும். மற்றவற்றை ஓரத்தில் சிறிதாகச் சொல்லட்டும்.

நான்காவது, மொழியும் எங்கள் வாழ்க்கை முறையும். இங்கே வைத்தியர் எழுதுவது ஆங்கிலத்தில், உம்மா பேசுவது தமிழில், விடுதியில் வேலை செய்பவர்களில் சிலருக்குச் சிங்களம் வசதி. வைத்தியர் ஒரு முறை தெரிவு செய்தால், வீட்டுக்குக் கொண்டுபோகும் துண்டில் 'காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு' என்று தமிழில் அச்சாவது கணினிக்குப் பெரிய வேலையில்லை. ஆனால் யாராவது அதைக் கேட்க வேண்டும். ரமழானையும் யோசித்துப் பாருங்கள். மருந்து நேரத்துக்குத் திரையில் காலை, மதியம், இரவு என்று மூன்று பொத்தான்கள் இருக்கும். நோன்பு காலத்தில் எங்கள் நோயாளிகளுக்கு இரண்டு நேரம்தான் உண்டு, ஸஹரும் நோன்பு திறக்கும் நேரமும். சில மருந்துகளின் அளவை அதற்கேற்ப மாற்ற வேண்டும், சிலரை நோன்பு நோற்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பொத்தான் இல்லாதபோது வைத்தியர் குறிப்புப் பெட்டியில் எழுதுகிறார். குறிப்புப் பெட்டியில் போனதை மருந்து கொடுப்பவரின் திரை காட்டுவதில்லை. நோன்பு பிடித்துக்கொண்டு பழைய அளவிலேயே மருந்து எடுத்தவர் சீனி இறங்கி மயங்கி வரும்போது, அதை 'நோயாளி சொன்னபடி கேட்கவில்லை' என்று எழுதுவது நியாயமா? திரையில் ஒரு பொத்தான் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஐந்தாவது, மின்சாரம். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோம். மின்சாரம் போனதும் பாதி எழுதிய பதிவு காணாமற்போகும் திரையை எந்த வைத்தியரும் இரண்டாம் முறை நம்பமாட்டார். ஆபிரிக்காவில் எங்களை விட வசதி குறைந்த மலாவியில், பயோபாப் என்ற அமைப்பு 2000களில் தொடுதிரைக் கணினிகளை அமைத்தது. ஒரு திரையில் ஒரு கேள்வி, பெரிய பொத்தான்கள், குறைந்த மின்சாரத்தில் வேலை செய்யும் இயந்திரம். கணினியைத் தொட்டே பழகாதவர்களும் விரைவில் பழகிக்கொண்டார்கள். பணக்கார நாட்டின் மென்பொருளை அப்படியே தூக்கி வருவதை விட மலாவியிடம் கற்பது எங்களுக்குப் பொருந்தும்.

ஆறாவது, இரகசியம். இதை முக்கியமாகப் பெண்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர்கள் நெருக்கமானவை. பதிவு மேசையில் இருப்பவர் மச்சியாக இருப்பார், பக்கத்து வளவாக இருப்பார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலை விசேட பாதுகாப்புக்குரியதாக வைத்திருக்கிறது. சட்டம் நல்லது. ஆனால் உள்ளே நுழைய ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் பிடித்தால், காலையில் ஒருவர் தன் பெயரில் திறந்துவிட, மாலை வரை எல்லோரும் அதிலேயே வேலை செய்வார்கள். பிறகு யார் எதைப் பார்த்தார் என்பதற்குக் கணக்கே இருக்காது. சுற்றறிக்கை அனுப்பினால் இது திருந்தாது. அட்டையைக் காட்டியதும் திறந்து, எழுந்து போனதும் பூட்டிக்கொள்ளும் திரை வந்தால் தானாகத் திருந்தும். கருச்சிதைவைப் பற்றியோ மனநலத்தைப் பற்றியோ ஒரு பெண் வாய் திறப்பது, அது அந்த அறையை விட்டுப் போகாது என்ற நம்பிக்கையில்தான். நம்பிக்கை போனால் அவள் கண்டிக்கோ கொழும்புக்கோ போய்க் காட்டுவாள். போக வசதியில்லாதவள் காட்டாமலே இருந்துவிடுவாள்.

இவ்வளவையும் யார் சரிசெய்வது? கொழும்பில் இருக்கும் பொறியியலாளருக்கு எங்கள் பெயர்களின் சிக்கல் தெரியாமல் இருப்பது அவருடைய குற்றமில்லை. நாங்கள் சொல்லாவிட்டால் அவர் எப்படி அறிவார்? திரைகளைச் சோதித்துப் பார்க்கும் முறை மிக எளிமையானது. அந்தத் திரையில் நாளாந்தம் வேலை செய்யப்போகும் தாதி ஒருவரை முன்னால் உட்கார வைத்து, கற்பனை நோயாளி ஒருவரைப் பதியச் சொல்ல வேண்டும். அமைத்தவர் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். தாதி எங்கே தயங்குகிறார், எங்கே திரும்பி வருகிறார் என்று எழுதிக்கொள்ள வேண்டும். இத்துறையில் பெயர்பெற்ற யாகோப் நீல்சன், ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்கிறார். ஐந்து பேர்! இந்த முன்வரிசையிலேயே அதற்கு ஆள் இருக்கிறது.

இந்தக் கல்லூரி தாதியரைத் தந்திருக்கிறது, வைத்தியர்களைத் தந்திருக்கிறது, மருந்தாளர்களைத் தந்திருக்கிறது. மென்பொருள் எழுதும் தங்கைகள் கொழும்பிலும் கட்டாரிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறார்கள். கொப்பியோடு வரிசையில் நிற்கும் உம்மாமாரும் எங்களவர்தான். இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்க இந்தச் சங்கத்தை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

மூன்று வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று, எங்கள் கரையில் வழங்கும் பெயர்களையும் அவற்றை எழுதும் விதங்களையும் தொகுத்துப் பட்டியல் செய்வது. அதை எந்த மென்பொருளிலும் சேர்த்துவிடலாம். ஓய்வுபெற்ற ஆசிரியைகளை விட இதை யார் நன்றாகச் செய்வார்கள்? எங்கள் வரவுப் பதிவேடு முழுக்க அவர்கள் நாவில் இருக்கிறது. இரண்டு, மருந்துத் துண்டுக்கான தமிழ் வாசகங்களை, ரமழான் காலத்துக்குரியவற்றையும் சேர்த்து, மருந்தாளர்களும் உம்மாமாரும் கூடி எழுதி, வாசித்து விளங்குகிறதா என்று பார்ப்பது. மூன்று, புதிய திரை ஒன்று எங்கள் வைத்தியசாலைக்கு வரும்போது, திறப்பு விழாவுக்கு முன்னால் ஐந்து தாதியர் அதைத் தொட்டுப் பார்க்க இடம் கொடுங்கள் என்று எழுத்தில் கேட்பது. முதலிரண்டுக்கும் எவருடைய அனுமதியும் தேவையில்லை. மூன்றாவதற்கு ஒரு கடிதம் போதும்.

பட்டியலுக்கான முதல் கொப்பியை நான் கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் வாசலில் இருக்கும். ஒவ்வொருவரும் உங்கள் பெயரையும், வைத்தியசாலையில் அதை எத்தனை விதமாக எழுதினார்கள் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.